பிரான்ஸ் விழுந்த பிறகு: 1940-ல் அமெரிக்காவின் முன் இருந்த மூன்று வழிகள்

1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. எட்டு நாள் கழித்து பிரான்ஸ் சண்டை நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்த நாடு, இந்த முறை ஆறே வாரத்தில் சரிந்துவிட்டது. மேற்கு ஐரோப்பாவில் ஹிட்லரை எதிர்த்து நிற்கப் பிரிட்டன் மட்டுமே மிச்சம். அந்தப் பிரிட்டனும் டன்கிர்க்கிலிருந்து 3,38,000 பேரை மீட்டுக்கொண்டு வந்திருந்ததே தவிர, பீரங்கிகளையும் லாரிகளையும் பிரெஞ்சுக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது.

அந்தக் கோடையிலிருந்து அடுத்த ஆண்டு மார்ச் வரை அமெரிக்கர்கள் மூன்று வழிகளைப் பற்றி மூர்க்கமாக விவாதித்தார்கள். ஒன்று, ஐரோப்பாவின் சண்டையிலிருந்து முழுக்க விலகி, தன் கண்டத்தைக் கோட்டையாக்கிக்கொள்வது. இரண்டாவது, போரில் இறங்காமல் பிரிட்டனுக்கு ஆயுதமும் உணவும் கொடுப்பது. மூன்றாவது, நேராகவே போரில் இறங்குவது. கடைசியில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும் என்பதால், இன்று இதில் தீர்ப்புச் சொல்வது எளிது. அது நியாயமான ஒப்பீடு ஆகாது. 1940-ல் அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தாலும் இரண்டாவது வழிதான் சரியானது என்பது என் முடிவு. ஹிட்லர் கொடியவன், ஆகவே எதிர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் அது இந்த முடிவுக்குப் போதாது. மூன்றாவது வழியைச் சொன்னவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு வழியும் ஒரு கணிப்பின் மேல் நிற்கிறது. அந்தக் கணிப்பு தவறிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது.

ஒதுங்கச் சொன்னவர்களின் நியாயம்

ஒதுங்கியிருக்கும் கொள்கையை அறிவீனம் என்று தள்ளிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது தவறு. அந்தக் கொள்கைக்குப் பின்னால் பட்ட அனுபவம் இருந்தது.

1917 ஏப்ரலில் ஜனாதிபதி வில்சனின் பேச்சைக் கேட்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஏறத்தாழ 1,16,000 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் நோயால், முக்கியமாக இன்ஃப்ளூயன்சா காய்ச்சலால். உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாகும் என்றார்கள். கிடைத்ததோ தோற்ற ஜெர்மனியைத் தண்டித்த வெர்சாய் ஒப்பந்தம். கூட்டாளி நாடுகள் வாங்கிய போர்க்கடனைக் கட்டுவதை 1930-களில் நிறுத்திவிட்டன, ஃபின்லாந்து மட்டும் தொடர்ந்து கட்டியது. உள்நாட்டில் நடந்தது இன்னும் கசப்பானது. போரை எதிர்த்துப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 1920-ல் அவர் சிறைக்குள் இருந்தபடியே ஜனாதிபதி தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார். போர் வந்தால் சுதந்திரம் போகும் என்ற பயம் கற்பனையில் பிறந்ததில்லை.

அப்புறம் 1934-ல் செனட்டர் ஜெரால்ட் நை தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. ஆயுத உற்பத்தியாளர்களும் வங்கிகளும் அந்தப் போரில் எவ்வளவு லாபம் பார்த்தார்கள் என்பதை அது வெளியே கொண்டுவந்தது. அந்தக் கோபத்தோடு சேர்ந்து வந்தவைதான் 1935, 1936, 1937 ஆண்டுகளின் நடுநிலைச் சட்டங்கள். போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, அந்த நாடுகளின் கப்பல்களில் அமெரிக்கர்கள் பயணம் செய்யக் கூடாது. 1917-க்கு இட்டுச்சென்ற ஒவ்வொரு படியையும் தேடிப்பிடித்துத் தடை போட்ட சட்டங்கள் இவை. நாடு தாக்கப்பட்டால் தவிர, மக்கள் வாக்கெடுப்பு நடத்தாமல் போர் அறிவிக்கக் கூடாது என்ற லட்லோ திருத்தத்தை விவாதத்துக்கு எடுக்கும் தீர்மானம் 1938 ஜனவரியில் 209-க்கு 188 என்ற கணக்கில்தான் தோற்றது. எவ்வளவு பேர் அந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

ஆனால் அந்தச் சட்டங்களின் குறை சீக்கிரமே தெரிந்துவிட்டது. தாக்குகிறவனையும் தாக்கப்படுகிறவனையும் அவை ஒன்றாகவே நடத்தின. ஏற்கெனவே ஆயுதம் சேர்த்து வைத்திருப்பவனுக்கு அமெரிக்கத் தடையால் நஷ்டம் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவனுக்கே அடி. 1935-ல் எத்தியோப்பியாவுக்கும், 1937-ல் ஸ்பெயினின் குடியரசுக்கும் நடந்தது இதுதான். ஆயுதத்துக்குத் தடை இருந்தது, எண்ணெய்க்கு இல்லை. எத்தியோப்பியாவைத் தாக்கிய இத்தாலியின் முசோலினிக்கு வேண்டியிருந்தது எண்ணெய். 1939 நவம்பரில் சட்டத்தைத் திருத்தி, ரொக்கம் கொடுத்துத் தன் கப்பலிலேயே ஏற்றிச் செல்பவருக்கு ஆயுதம் விற்கலாம் என்று மாற்றினார்கள். 1940 கோடையில் நிலைமை அதுதான்.

கோட்டை

1940 செப்டம்பரில் 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' கமிட்டி தொடங்கியது. யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் சிலரின் முயற்சி அது. பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டும் அவர்களில் ஒருவர். சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர் ஜெனரல் ராபர்ட் வுட் அதற்குத் தலைமை ஏற்றார். உச்சத்தில் அதில் சுமார் 8 லட்சம் உறுப்பினர்கள். விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் அதன் பெரிய மேடைப் பேச்சாளர்.

அவர்களுடைய வாதங்களில் வலுவானது ராணுவ வாதம்தான். ஆங்கிலக் கால்வாயின் குறுகிய இடத்தில் அகலம் 34 கிலோமீட்டர். அதையே தாண்ட முடியாத ஹிட்லர் ஐயாயிரம் கிலோமீட்டர் அட்லாண்டிக்கைத் தாண்டி எப்படிப் படை இறக்குவான் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பு நேர்மையாகப் பதில் சொன்னதே இல்லை. ஜெர்மன் விமானங்கள் அமெரிக்க நகரங்களைத் தாக்கும் என்று பயமுறுத்தியதோடு நின்றுவிட்டது. கடலைத் தாண்டிப் படையெடுப்பு வராது என்பதில் கோட்டைக்காரர்கள் சரியாகவே கணித்தார்கள். அவர்கள் நிராயுதபாணியாக இருக்கச் சொல்லவும் இல்லை. பெரிய பாதுகாப்புப் படை வேண்டும் என்பது கமிட்டியின் முதல் கொள்கை. 1940 ஜூலையில் கடற்படையை ஏறத்தாழ 70 விழுக்காடு பெரிதாக்கும் சட்டம் நிறைவேறியதற்கும் ஒதுங்கல்வாதிகளின் ஆதரவு இருந்தது.

இன்னொரு வாதத்தை நம் நாட்டு வாசகர்கள் எளிதில் தள்ள முடியாது. பிரிட்டன் சுதந்திரத்துக்காகப் போரிடுகிறது என்றால், இந்தியா ஏன் இன்னும் அதன் ஆட்சியில் இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். 1939 செப்டம்பரில் வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் யாரையும் கலந்துகொள்ளாமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து சென்னையில் ராஜாஜி அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. வாஷிங்டனில் இவ்வளவு நீளமாக விவாதித்த கேள்வியை இந்தியரிடம் யாரும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. 1941 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம் எல்லா மக்களுக்கும் தங்கள் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது. அடுத்த மாதமே சர்ச்சில், நாஜிகளின் பிடியில் இருக்கும் ஐரோப்பிய நாடுகளையே அது முதன்மையாகக் குறிக்கிறது, இந்தியாவின் விஷயம் வேறு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். பிரிட்டனுக்கு உதவுவது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கும் உதவுவதுதான் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது.

சரி, அப்படியானால் கோட்டை வழியில் எங்கே பிழை? படையெடுப்பு வராது என்பதைப் பிடித்துக்கொண்டு, ஆபத்தே வராது என்று அவர்கள் முடிவு கட்டியதில். அட்லாண்டிக் அமெரிக்காவுக்கு மதிலாக இருந்ததற்குக் காரணம் அதன் தூரம் மட்டும் இல்லை, அதைக் காவல் காத்த பிரிட்டிஷ் கடற்படையும்தான். 1823-ல், அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய நாடுகள் தலையிடக் கூடாது என்ற மன்றோ கோட்பாட்டை அறிவித்தபோது அதை நிலைநாட்டும் அளவுக்கு அமெரிக்காவிடம் கப்பல் இல்லை. பிரிட்டனின் நலனும் அதோடு ஒத்துப்போனதால் அது நிலைத்தது. 1940-ல் அமெரிக்கக் கடற்படையின் பெரும்பகுதி ஜப்பானை எண்ணி ஹவாயில், பேர்ல் ஹார்பரில் நின்றது. பெரிதாக்கச் சொல்லிச் சட்டம் போட்ட கப்பல்கள் கடலில் இறங்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

தோற்ற நாட்டின் கடற்படை எதிரி கைக்குப் போவது வெறும் ஊகமாகவும் இருக்கவில்லை. 1940 ஜூலை 3 அன்று, பிரெஞ்சுக் கப்பல்கள் ஹிட்லர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் பிரிட்டனே தன் முன்னாள் கூட்டாளியின் மேல் குண்டு வீசியது. அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் ஏறத்தாழ 1,300 பிரெஞ்சு மாலுமிகள் இறந்தார்கள். ஒரு கடற்படை கைமாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வாஷிங்டன் அன்று கண்ணால் பார்த்தது. பிரிட்டன் சரணடையப் போவதில்லை என்பதையும் பார்த்தது.

கோட்டையின் கணக்கில் யாரும் எழுதாத செலவும் ஒன்று உண்டு. 1939-ல் 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பல் கியூபாவில் அனுமதி கிடைக்காமல் ஃப்ளோரிடா கரையோரம் வந்து, அங்கேயும் இடம் கிடைக்காமல் ஐரோப்பாவுக்கே திரும்பிப் போனது. அதில் இருந்தவர்களில் 250 பேருக்கும் மேல் பின்னர் நாஜிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு 20,000 அகதிக் குழந்தைகளைக் குடியேற்ற ஒதுக்கீட்டுக்கு மேல் உள்ளே விட வேண்டும் என்ற மசோதாவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் கிடந்து மடிந்தது. ஒதுங்கியிருக்கச் சொன்ன எல்லோரும் அகதிகளை வெறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1941 செப்டம்பர் 11 அன்று அயோவாவின் டி மாய்ன் நகரில் லிண்ட்பெர்க், நாட்டைப் போரில் தள்ளுவது பிரிட்டிஷாரும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும்தான் என்று பேசினார். யூதர்களைக் குறிவைத்த அந்தப் பேச்சைக் கண்டு கமிட்டியின் ஆதரவாளர்களே பதறினார்கள். அந்தக் கறையை அவர்கள் கொள்கை பின்னர் துடைத்துக்கொள்ளவே இல்லை.

உடனே போர்

1940 ஜூன் 10 அன்றே, அமெரிக்கா ஜெர்மனி மேல் போர் அறிவிக்க வேண்டும் என்று முப்பது பேர் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். மூன்று தரப்பில் வெளிப்படையாகப் பேசிய தரப்பு இது. ஹிட்லரைத் தோற்கடிக்க அமெரிக்கப் படை போய்த்தான் ஆக வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் உண்மையே.

ஆனால் எதை வைத்துப் போரிடுவது? 1939 செப்டம்பரில் அமெரிக்கத் தரைப்படையின் பலம் 2 லட்சத்துக்கும் குறைவு. கட்டாய ராணுவச் சேவைச் சட்டமே 1940 செப்டம்பரில்தான் வந்தது. அந்த நிலையில் போர் அறிவித்திருந்தால், தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் நம் பிள்ளைகளுக்கே முதலில் கொடு என்று நாடு கேட்டிருக்கும். பிரிட்டனுக்கு அது உதவியாக இருந்திருக்காது, ஒரு கூட்டாளியின் பெயர் மட்டும் கிடைத்திருக்கும். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, ஒரு பெருங்கடலுக்குப் போதுமான கடற்படையோடு இரண்டு பெருங்கடலில் போரிடும் ஆபத்தும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, காங்கிரஸ் அதை நிறைவேற்றியிருக்காது. ஜனநாயகத்தில் மக்கள் ஏற்காத போரை வழி என்று கணக்கில் வைப்பதில் பொருளில்லை.

இறங்காமல் கொடுப்பது

1940 மே 15 அன்று, பிரதமராகி ஐந்து நாளில், சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் நாற்பது ஐம்பது பழைய நாசகாரிக் கப்பல்களைக் கேட்டார். ரூஸ்வெல்ட் மூன்று மாதத்துக்கும் மேல் தயங்கினார். கடற்படைத் தளபதி அட்மிரல் ஹரால்ட் ஸ்டார்க், நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையற்றவை என்று சான்று கொடுத்தால் ஒழியத் தளவாடம் எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்று காங்கிரஸ் அந்தக் கோடையில்தான் சட்டம் போட்டிருந்தது. அந்தப் பழைய கப்பல்கள் இன்னும் பயன்படக்கூடியவை என்று ஸ்டார்க்கே முன்பு காங்கிரஸிடம் சொல்லியும் இருந்தார். பேரம்தான் வழி திறந்தது. செப்டம்பர் 2 அன்று செய்த ஒப்பந்தப்படி 50 கப்பல்கள் பிரிட்டனுக்குப் போயின. பதிலாக பஹாமாஸ், ஜமைக்கா, டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா போன்ற இடங்களில் 99 ஆண்டுக் குத்தகையில் தளங்கள் கிடைத்தன. நியூஃபவுண்ட்லாந்திலும் பெர்முடாவிலும் தளங்களைப் பிரிட்டன் இனாமாகவே கொடுத்தது. கோட்டைக்காரர்கள் கேட்ட அட்லாண்டிக் மதில் இந்தப் பேரத்தில்தான் எழுந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

டிசம்பரில் அடுத்த நெருக்கடி. ரொக்கம் தீரப்போகிறது என்று சர்ச்சில் எழுதினார். டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்களிடம் ரூஸ்வெல்ட், பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் தோட்டத்துக் குழாயை விலை பேசிக்கொண்டா கொடுப்போம், தீ அணைந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று விளக்கினார். ஆயுதம் கடன் கொடுப்பது சூயிங் கம் கடன் கொடுப்பது மாதிரி, திரும்ப வாங்க யாரும் விரும்ப மாட்டார்கள் என்றார் செனட்டர் ராபர்ட் டாஃப்ட். அவர் சொன்னதுதான் உண்மைக்கு நெருக்கம். போர் முடிந்தபோது மொத்த உதவி ஏறத்தாழ 5,000 கோடி டாலர், அதில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. எந்த நாட்டின் பாதுகாப்பு அமெரிக்காவுக்கு முக்கியம் என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அந்த நாட்டுக்குத் தளவாடம் கொடுக்கலாம் என்ற அந்தக் கடன்-குத்தகைச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 260-க்கு 165, செனட்டில் 60-க்கு 31 என்று நிறைவேறி 1941 மார்ச் 11 அன்று அமலுக்கு வந்தது.

'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' கமிட்டியின் நான்காவது கொள்கை இந்த வழியையே நேராகத் தாக்கியது. போருக்கு வெளியே நின்று உதவுவது நாட்டின் பாதுகாப்பைப் பலவீனமாக்கும், நாட்டைப் போரிலும் சிக்கவைக்கும் என்றது. இரண்டு பகுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் பகுதி தவறு. பிரிட்டனும் பிரான்ஸும் ரொக்கம் கொடுத்து வைத்த ஆர்டர்கள்தான் அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளை விரிவாக்க முதல் பணத்தைக் கொடுத்தன. அமெரிக்காவின் சொந்தப் படை பெருகத் தொடங்கியபோது உற்பத்திக்கூடங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது பகுதி சரி. ஆயுதம் ஏற்றிய கப்பல் மூழ்கினால் உதவிக்குப் பொருளில்லை. ஆகவே காவலுக்குக் கப்பல் போக வேண்டும், காவல் கப்பல் போனால் நீர்மூழ்கியோடு மோத வேண்டும். 1941 ஜூலையில் அமெரிக்கப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. அக்டோபரில் கேர்னி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் 11 பேர் இறந்தார்கள். மாதக் கடைசியில் ரூபன் ஜேம்ஸ் என்ற இன்னொரு கப்பல் மூழ்கியபோது நூறு பேருக்கும் மேல் போனார்கள்.

கணிப்பு தவறினால்

1940 நவம்பரில் ஸ்டார்க் ஒரு குறிப்பு எழுதினார். நாடு போருக்குப் போனால் எந்தத் திட்டம் என்று ஏ, பி, சி, டி என நான்கு வழிகளை ஒப்பிட்டு, பசிபிக்கில் தற்காப்பு, அட்லாண்டிக்கில் தாக்குதல் என்ற டி வழியை அவர் தேர்ந்தெடுத்தார். அதுவரை சொந்தப் படையை வேகமாகப் பெருக்குவதே நல்லது என்றார். அந்தக் குறிப்பின் மையமே பிரிட்டன்தான். பிரிட்டன் வென்றால் நாம் எங்கும் வெல்லலாம், அது தோற்றால் நாம் எல்லா இடத்திலும் தோற்காமல் இருக்கலாம், ஆனால் எங்குமே வெல்ல முடியாமல் போகலாம் என்று எழுதினார்.

இதை மூன்று வழிக்கும் பொருத்திப் பாருங்கள். ஒதுங்கியிருந்து, பிரிட்டன் தானாகவே தாக்குப்பிடிக்கும் என்ற கணிப்பு தவறினால், திரும்ப வழியே இல்லை. விழுந்த தீவை வெளியிலிருந்து யாரும் எழுப்ப முடியாது. உடனே போரில் இறங்கி அந்தக் கணிப்பு தவறினால், பயிற்சியில்லாத படையும் பிளவுபட்ட நாடும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆயுதம் கொடுத்து, பிரிட்டன் தோற்றுப்போயிருந்தால்? 50 பழைய கப்பல்களும் கொஞ்சம் ஆயுதமும் போயிருக்கும். கையில் தளங்களும், விரிவடைந்த தொழிற்சாலைகளும், பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கும் படையும் இருந்திருக்கும். அதாவது அந்த நிலையிலும் கோட்டை வழி திறந்தே இருக்கும். முதல் வழியிலிருந்து இரண்டாவதுக்குத் தாமதமாகத் தாவ முடியாது. இரண்டாவதிலிருந்து மற்ற இரண்டுக்கும் போகலாம்.

இருபது ஆண்டுக்கு முன் இப்படி ஒரு நடுவழி தோற்றுப்போயிருந்தது. 1920 மார்ச்சில், முதல் உலகப் போருக்குப் பின் உருவான சர்வதேச சங்கத்தில் நிபந்தனைகளோடு சேரலாம் என்ற தீர்மானம் செனட்டில் 49-க்கு 35 வாக்கு பெற்றது, மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு குறைந்தது. சங்கமே வேண்டாம் என்றவர்களும், நிபந்தனையே கூடாது என்று பிடிவாதம் பிடித்த வில்சனின் விசுவாசிகளும் சேர்ந்து வாக்களித்து அதைக் கொன்றார்கள். நோயில் படுத்திருந்த வில்சன் ஒரு சொல் விட்டுக்கொடுத்திருந்தால் போதும். 1941-ல் ரூஸ்வெல்ட் செய்தது வேறு. முந்தைய கோடையிலேயே ஸ்டிம்சன், நாக்ஸ் என்ற இரண்டு ரிபப்ளிகன்களை அமைச்சரவையில் சேர்த்தார். தேர்தலில் தன்னிடம் தோற்ற வில்க்கியே வந்து சட்டத்துக்கு ஆதரவாக செனட் குழு முன் சாட்சி சொன்னார்.

இந்த வழிக்குக் கொடுத்த விலை

இரண்டாவது வழியை ஆதரிக்கிறவர்கள் அதன் பெரிய குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரூஸ்வெல்ட் மக்களிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. 1940 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில், உங்கள் பிள்ளைகளை எந்த அந்நியப் போருக்கும் அனுப்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். 1941 செப்டம்பர் 4 அன்று கிரீர் என்ற அமெரிக்கக் கப்பல் மேல் ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ விட்டதை, எச்சரிக்கையில்லாத கடற்கொள்ளை என்று வானொலியில் கண்டித்து, கண்டதும் சுட உத்தரவிட்டதாக அறிவித்தார். அந்தக் கப்பல் பல மணி நேரம் அந்த நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து, இருக்கும் இடத்தைப் பிரிட்டிஷ் விமானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததையும், அந்த விமானம் முதலில் குண்டு போட்டதையும் அவர் சொல்லவில்லை. செனட் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. நல்ல காரியத்துக்காக ரூஸ்வெல்ட் செய்த சூது, கெட்ட காரியத்துக்காக ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதையே செய்வதை எளிதாக்கியது என்று பல ஆண்டுகளுக்குப் பின் செனட்டர் ஃபுல்பிரைட் வியட்நாம் போரை வைத்துச் சொன்னார். அவரோடு நான் உடன்படுகிறேன். சட்டம் நிறைவேறிவிட்டது, மக்களில் பெரும்பாலோர் ஆபத்து இருந்தாலும் பிரிட்டனுக்கு உதவலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த மக்களிடம் காவல் கப்பலின் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

சொல்லாததன் விளைவு காங்கிரஸில் தெரிந்தது. போர் அருகில் வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்ட உறுப்பினர்கள், கட்டாயச் சேவையில் சேர்த்த வீரர்களை ஓராண்டுக்கு மேல் ஏன் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். 1941 ஆகஸ்ட் 12 அன்று பிரதிநிதிகள் சபையில் அந்த நீட்டிப்பு 203-க்கு 202 என்று நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கு. ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்போது நான்கு மாதம்கூட இல்லை.

போருக்குப் போவதா என்ற கேள்விக்கு மட்டும் இரண்டாவது வழியிடம் கடைசிவரை பதில் இல்லை. டிசம்பர் 8 அன்று ரூஸ்வெல்ட் காங்கிரஸிடம் கேட்டது ஜப்பான் மேல் மட்டும் போர் அறிவிக்க. ஜெர்மனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் கிடைக்கும் என்ற நிச்சயமும் அவருக்கு இல்லை. அடுத்த மூன்று நாள் அமெரிக்கா ஜப்பானோடு போரிலும், ஜெர்மனியோடு அறிவிக்காத கடல் சண்டையிலும் இருந்தது. டிசம்பர் 11 அன்று ஹிட்லரே போர் அறிவித்தார். 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' கமிட்டி தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்ததும் அதே நாளில்தான்.